பால்வழியிலிருந்து வரும் நியூத்திரினோக்கள்

நிலவில்லாத இரவில், ஊர் விளக்குகளுக்கு அப்பால் நின்று வானத்தை நோக்குவோர்க்கு மங்கிய வெண்ணிறப் பட்டை ஒன்று வானின் குறுக்கே நீண்டு கிடப்பது புலப்படும். பால்வழி என்றும் ஆகாய கங்கை என்றும் தமிழர் அதனை அழைத்து வந்தனர். தனித்தனியே கண்ணுக்குப் புலனாகாத எண்ணிறந்த விண்மீன்களின் கூட்டொளியே அப்பட்டை என்பதை 1610 ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் கலிலியோ தமது சிறிய தொலைகாட்டியின் துணைகொண்டு உலகுக்கு உணர்த்தினார். ஞாயிறும் அதனைச் சுற்றிவரும் பூமியும் அவ்விண்மீன் கூட்டத்தின் உள்ளேயே அமைந்துள்ளன. ஏறக்குறைய ஓர் இலட்சம் ஒளியாண்டு குறுக்களவுள்ள தட்டையான அக்கூட்டத்தை உள்ளிருந்தே நோக்குவதால்தான் அது ஒரு பட்டைபோலத் தோன்றுகின்றது.

பால்வழியைக் கண்ணால் மட்டுமன்றிக் காதாலும் அறியலாம் என்பது வானொலி நேயர்களுக்குச் சுவை தரும் செய்தியாகும். 1930களின் தொடக்கத்தில், அமெரிக்காவிலுள்ள பெல் தொலைபேசி ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய கார்ள் ஜான்ஸ்கி என்பவர், கடல்கடந்த வானொலித் தொலைபேசியிற் குறுக்கிட்ட இரைச்சலின் காரணத்தைத் தேடினார். இடிமின்னலால் எழும் இரைச்சலை விலக்கிய பின்னரும் மெல்லிய சீறல் ஒன்று எஞ்சி நின்றது. அச்சீறல் உச்சத்தை அடையும் வேளை நாள்தோறும் நான்கு நிமிடம் முந்திக்கொண்டே வந்தது. விண்மீன்களின் உதயமும் அவ்வாறே நாளுக்கு நான்கு நிமிடம் முந்துவதாகும். ஆகவே அச்சீறல் ஞாயிற்றிலிருந்தோ பூமியிலிருந்தோ வருவதன்று, தனு இராசியின் திசையில் உள்ள பால்வழியின் மையத்திலிருந்து வருவதே என அவர் 1933 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

ஒளியாலும் வானொலி அலையாலும் அறியப்பட்ட அதே பால்வழி, 2023 ஆம் ஆண்டில் முற்றிலும் வேறான ஒரு வழியாற் காணப்பட்டது. இம்முறை செய்தி கொண்டுவந்தது ஒளியின் எவ்வகையும் அன்று. நியூத்திரினோ என்னும் நுண்துணிக்கையே அச்செய்தியைக் கொண்டுவந்தது. அச்செய்தியைக் கேட்பதற்குத் தென்முனைவின் பனிக்கட்டியிலும் மத்தியதரைக் கடலின் ஆழத்திலும் தொலைகாட்டிகள் அமைக்கவேண்டியதாயிற்று. ஒன்றுக்கு எளிதானது மற்றொன்றுக்கு அரிதாக இருந்தமையால், அவற்றின் தரவுகளை ஒன்றுசேர்த்து ஆராயும் முறையும் தோன்றிற்று.

இவ்வளவு முயற்சிக்கும் அடிப்படையாக உள்ளது நூறாண்டைக் கடந்த ஒரு வினா. 1912 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் ஒஸ்திரிய அறிஞர் விக்டர் ஹெஸ் வாயுக்கூண்டொன்றில் ஏறி ஐயாயிரம் மீற்றருக்கும் மேலான உயரத்துக்குச் சென்றார். காற்றை மின்னேற்றமுடையதாக்கும் ஒருவகைக் கதிர் மேலே செல்லச் செல்ல மிகுந்து வருவதை அவர் தம் கருவிகளாற் கண்டார். தரையிலுள்ள கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள்களே அதற்குக் காரணமாயின், மேலே செல்லச் செல்ல அது குறைதல் வேண்டும். ஆகவே அது வானத்திலிருந்து வருவதென்பது தெளிவாயிற்று. அண்டக்கதிர் என இன்று வழங்குவது அதுவே. 1936 ஆம் ஆண்டில் ஹெஸ்ஸுக்கு நொபெல் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும் அக்கதிர்கள் எங்கே பிறக்கின்றன என்ற வினாவுக்கு நிறைவான விடை இன்னும் கிடைக்கவில்லை.

அண்டக்கதிர்களுட் பெரும்பாலானவை புரோத்தன்கள். ஏனையவை பெரிதும் பாரமான அணுக்கருக்கள். அவற்றின் சத்தியை அளக்க இலத்திரன்-உவோற்று என்னும் அலகு வழங்குகின்றது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் ஒரு துணிக்கை இரண்டு அல்லது மூன்று இலத்திரன்-உவோற்றுச் சத்தி உடையது. செனீவா நகருக்கு அருகிலுள்ள மாபெரும் துணிக்கை ஆர்முடுக்கி ஒரு புரோத்தனுக்குக் கொடுக்கும் சத்தி ஏறக்குறைய 7 இலட்சம் கோடி இலத்திரன்-உவோற்று. பால்வழியிலுள்ள ஏதோ ஓர் இயற்கை ஆர்முடுக்கியோ புரோத்தன்களுக்கு ஆயிரம் இலட்சம் கோடிக்கும் மேலான சத்தியைக் கொடுக்கின்றது. மனிதன் செய்த மிகச் சிறந்த பொறியை நூறு மடங்குக்கும் மேல் விஞ்சும் அது எது? விண்மீன்கள் வெடித்துச் சிதறியபின் எஞ்சும் முகிற்கூட்டங்களா, நிறைமிக்க இளம் விண்மீன் திரள்களா, பால்வழியின் மையத்திலுள்ள பெரும் கருந்துளையின் அயலா? இவ்வினாக்களே இங்கு விடை வேண்டி நிற்பவை.

விடை காண்பதற்குள்ள பெருந்தடை காந்தப்புலமாகும். விண்மீன்களுக்கிடையேயுள்ள வெளியெங்கும் மெலிந்த காந்தப்புலம் பரவியிருக்கின்றது. மின்னேற்றமுள்ள துணிக்கைகளை அது இடையறாது வளைத்துத் திருப்புகின்றது. பல இலட்சம் ஆண்டுகள் அங்குமிங்கும் அலைந்து பூமியை வந்தடையும் புரோத்தன், தான் புறப்பட்ட திசையை முற்றாக இழந்துவிடுகின்றது. அனுப்பியவரின் முகவரி அழிந்துபோன கடிதத்துக்கு அதனை ஒப்பிடலாம். கடிதம் கைக்கு வந்து சேர்ந்தது. அது வந்த ஊர் தெரியவில்லை.

ஆனால் அப்புரோத்தன்கள் வழியிற் சும்மா செல்வதில்லை. விண்வெளியிலுள்ள ஐதரசன் வாயுவோடு அவை மோதும்போது பயோன் எனப்படும் குற்றாயுட் துணிக்கைகள் பிறக்கின்றன. மின்னேற்றமற்ற பயோன் உடனே சிதைந்து இரண்டு காமாக் கதிர்களைத் தருகின்றது. மின்னேற்றமுள்ள பயோன் சிதையும்போது நியூத்திரினோக்கள் வெளிப்படுகின்றன. காமாக் கதிருக்கும் நியூத்திரினோவுக்கும் மின்னேற்றம் இல்லை. ஆகவே காந்தப்புலம் அவற்றை வளைப்பதில்லை. பிறந்த இடத்திலிருந்து நேர்கோட்டில் அவை வருகின்றன. முகவரி அழியாத கடிதங்கள் இவையே.

காமாக் கதிர்களை ஆராய்வதில் அறிஞர்கள் நெடுந்தூரம் சென்றுள்ளனர். 2008 ஆம் ஆண்டில் ஏவப்பட்ட பேர்மி செய்மதி, பால்வழிப் பட்டை முழுவதும் காமாக் கதிரில் ஒளிர்வதைப் படம்பிடித்தது. வெடித்த விண்மீன்கள் இரண்டின் எச்சங்களிற் புரோத்தன்கள் ஆர்முடுக்கப்படுவதற்கான தடயத்தை 2013 ஆம் ஆண்டில் அது காட்டிற்று. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், 4,400 மீற்றர் உயரமுள்ள மலைநிலத்தில் அமைந்த லாசோ நிலையம், ஆயிரம் இலட்சம் கோடி இலத்திரன்-உவோற்றைத் தாண்டிய காமாக் கதிர்களை 2021 ஆம் ஆண்டில் அறிவித்தது. எனினும் இங்கு ஓர் ஐயம் எழுகின்றது. விரைந்து செல்லும் இலத்திரன்களும் காமாக் கதிர்களைப் பிறப்பிக்க வல்லன. ஆதலால் காமாக் கதிர் வருகின்றது என்பதனால் மட்டும் அங்கே புரோத்தன்கள் உள்ளன என்று சொல்லிவிட முடியாது. நியூத்திரினோவின் நிலை அவ்வாறன்று. இத்தகைய உயர்சத்தியுள்ள நியூத்திரினோ ஓரிடத்திலிருந்து வருமாயின், அங்கே புரோத்தன்களோ அணுக்கருக்களோ மோதுகின்றன என்பது உறுதி. நியூத்திரினோவின் தனிச்சிறப்பு இதுவே.

அச்சிறப்புக்கு ஏற்ற விலையையும் அது கேட்கின்றது. 1930 ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் வொல்ஃப்காங் பௌலி என்னும் அறிஞர், அணுக்கருவின் சிதைவில் ஒரு பகுதிச் சத்தி காணாமற்போவதற்கு விளக்கம் கூறும்பொருட்டு, எவரும் கண்டிராத ஒரு துணிக்கையைக் கற்பித்தார். என்றிக்கோ பேர்மி அதற்கு முறையான கொள்கை வகுத்து, நியூத்திரினோ என்ற பெயரையும் வழக்கிற் கொண்டுவந்தார். பொருள்களோடு அது மிக அரிதாகவே தாக்கமுறுவதால், 1956 ஆம் ஆண்டில் அமெரிக்க அணு உலையொன்றின் அருகே பிரெடெரிக் றைன்ஸும் கிளைட் கவனும் அதனைக் கண்டறியும்வரை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அது கருத்தளவிலேயே இருந்தது. ஞாயிற்றிலிருந்து வரும் நியூத்திரினோக்களில் ஏறக்குறைய 6,500 கோடி, ஒரு சதுர சதமமீற்றர் பரப்பை ஒவ்வொரு செக்கனும் ஊடுருவிச் செல்கின்றன. விரல் நகத்தின் வழியாக இத்தனை கோடி சென்றும் எவரும் அதனை உணர்வதில்லை. பகலில் மேலிருந்தும் இரவிற் பூமியைத் துளைத்துக்கொண்டு கீழிருந்தும் அவை வருகின்றன.

அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போதும் நியூத்திரினோக்கள் பிறக்கின்றன. அவற்றை முதன்முதலாக 1965 ஆம் ஆண்டில் இரு குழுவினர் ஏறக்குறைய ஒரே காலத்திற் கண்டனர். ஒரு குழு தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றிலும், மற்றொன்று இந்தியாவின் கோலார் தங்கவயலிலும் ஆராய்ந்தன. பல தலைமுறைத் தமிழ்த் தொழிலாளர் உழைத்த அக்கோலார்ச் சுரங்கத்தில், நிலத்துக்குக் கீழே இரண்டு கிலோமீற்றருக்கும் மேலான ஆழத்தில், மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் யப்பானிய, பிரித்தானிய அறிஞர்களோடு கூடிக் கருவிகளை அமைத்திருந்தனர். அண்டக்கதிர்களின் ஏனைய விளைவுகளை மேலேயுள்ள பாறை தடுத்துவிடும். நியூத்திரினோ மட்டும் வந்து சேரும். இக்காலத்து நியூத்திரினோத் தொலைகாட்டிகளும் இதே நெறியையே பின்பற்றுகின்றன.

ஆயினும் பால்வழியிலிருந்து வரும் உயர்சத்தி நியூத்திரினோக்கள் எண்ணிக்கையில் மிகக் குறைந்தவை. அவற்றைப் பிடிக்கச் சுரங்கத்துள் வைக்கக்கூடிய கருவி போதாது. ஒரு கன கிலோமீற்றர் அளவான பொருள் வேண்டும். அவ்வளவு பெரிய கருவியை எவர் செய்வார்? 1960 ஆம் ஆண்டில் சோவியத் அறிஞர் மொயிசே மார்க்கோவ் இதற்கு வழி கூறினார். ஆழ்ந்த ஏரியையோ கடலையோ கருவியாகக் கொண்டு, அதனுள் ஒளியுணரும் குழாய்களைத் தொங்கவிடலாம் என்பதே அவர் கூறிய வழி. நியூத்திரினோ நீரிலோ அடித்தளப் பாறையிலோ அரிதாக மோதும்போது மின்னேற்றமுள்ள மியூவோன் என்னும் துணிக்கை தோன்றி விரைந்து செல்லும். நீரினுள் ஒளியின் வேகம் வெற்றிடத்தில் உள்ளதில் முக்காற் பங்கே ஆதலால், மியூவோன் அங்கே ஒளியை முந்திவிடும். அலைகளை முந்திச் செல்லும் வள்ளத்தின் இருபுறமும் நீர் ஆப்புவடிவில் விரிவதுபோல, மியூவோனைச் சூழ்ந்து நீலநிற ஒளி கூம்புவடிவில் விரியும். 1934 ஆம் ஆண்டில் செரென்கோவ் கண்ட இவ்வொளிக்காக அவருக்கும், அதன் காரணத்தை விளக்கிய பிராங்க், தாம் ஆகியோருக்கும் 1958 ஆம் ஆண்டில் நொபெல் பரிசு கிடைத்தது. அவ்வொளி ஒவ்வொரு குழாயையும் எட்டிய நேரத்தை நூறு கோடியில் ஒரு பங்கு செக்கன் அளவுக்கு நுட்பமாக அளந்தால், துணிக்கை வந்த திசையைக் கணிக்கலாம்.

கருத்துக்கும் செயலுக்கும் இடையே நெடுங்காலம் சென்றது. ஹவாய்த் தீவுக் கடலில் அமெரிக்கர் தொடங்கிய முயற்சி 1995 ஆம் ஆண்டிற் கைவிடப்பட்டது. சைபீரியாவின் பைக்கால் ஏரியில், குளிர்காலத்தில் உறைந்துவிடும் நீர்ப்பரப்பையே மேடையாகக் கொண்டு கருவிகளை இறக்கியோர் 1990களில் வெற்றி கண்டனர். மத்தியதரைக் கடலில், பிரான்சின் தூலோன் நகரக் கரைக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றருக்கு அப்பால், 2,475 மீற்றர் ஆழத்தில் அந்தாரெஸ் தொலைகாட்டி 2008 ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அந்தாரெஸ் என்பது விருச்சிக இராசியிலுள்ள கேட்டை விண்மீனின் மேனாட்டுப் பெயருமாகும். பன்னிரண்டு வடங்களில் 885 ஒளியுணர் குழாய்கள் அதிற் பொருத்தப்பட்டிருந்தன. 2022 ஆம் ஆண்டு வரை அது தொழிற்பட்டது. தென்முனைவில் அமைந்த ஐஸ்கியூப் என்னும் தொலைகாட்டியோ மிகப் பெரியது. கொதிநீரைப் பாய்ச்சிப் பனிக்கட்டியில் 86 துளைகளை ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீற்றர் ஆழத்துக்கு இட்டு, 5,160 ஒளியுணர் கோளங்களை இறக்கி, 2010 ஆம் ஆண்டு திசெம்பரில் அதனை முடித்தனர். ஒரு கன கிலோமீற்றர் பனிக்கட்டி அதன் கண்ணாயிற்று. அந்தாரெஸின் கொள்ளளவு அதில் நூறில் ஓரிரு பங்கே.

இவ்வளவு பெரிய ஐஸ்கியூப் இருக்க, சிறிய அந்தாரெஸின் தரவு எதற்கு என்று கேட்கத் தோன்றும். இதற்கு விடை பூமியின் வடிவத்திலும் பால்வழியின் கிடக்கையிலும் இருக்கின்றது.

இத்தொலைகாட்டிகளுக்குப் பெரும் பகை இரைச்சலாகும். வளிமண்டலத்தில் அண்டக்கதிர்கள் பிறப்பிக்கும் மியூவோன்கள் மேலிருந்து பொழிந்தவண்ணம் இருக்கின்றன. ஒன்றரைக் கிலோமீற்றர் பனிக்கட்டியைத் துளைத்தும், செக்கனுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை ஐஸ்கியூப்பைக் கடக்கின்றன. நியூத்திரினோ தந்த மியூவோன் அவற்றுள் மறைந்துவிடும். ஆகையால் தொலைகாட்டி மேலே நோக்காமற் கீழே நோக்குகின்றது. பூமியின் மறுபுறத்திலிருந்து கீழிருந்து மேலாக வரும் மியூவோன் வளிமண்டலத்திற் பிறந்ததாக இருக்க முடியாது. பூமியைத் துளைத்து வரும் ஆற்றல் நியூத்திரினோவுக்கே உண்டு. பூமி முழுவதும் இங்கே ஒரு வடிகட்டியாகின்றது.

தென்முனைவிலிருந்து கீழே நோக்குவோர்க்குத் தெரிவது வடவானம். பால்வழியின் மையமோ தென்வானத்தில் உள்ளது. தென்முனைவில் அது அடிவானத்துக்கு மேலே ஏறக்குறைய 29 பாகையில் எக்காலமும் நிலைத்து நிற்கின்றது. ஆகவே ஐஸ்கியூப்புக்குப் பால்வழியின் மையம் இரைச்சல் மிக்க திசையிலேயே அமைந்துவிட்டது. மத்தியதரைக் கடலிலிருந்து நோக்கினால், அம்மையம் நாளில் மூன்றிலிரண்டு பங்கு நேரம் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்; பூமியின் காப்பும் அப்போது கிடைக்கும். சிறிய அந்தாரெஸுக்கு வாய்த்த பெரும்பேறு அதுவே. இன்னுமொரு வேறுபாடும் உண்டு. நியூத்திரினோவின் சத்தி மிக உயருமிடத்து அதனைப் பூமியே உறிஞ்சத் தொடங்கும். ஆதலால் தென்வானத்தின் மிகு சத்தி நியூத்திரினோக்களை மேலிருந்தே பெறும் ஐஸ்கியூப்பும், நூறு இலட்சம் கோடி இலத்திரன்-உவோற்றுக்குக் குறைந்த சத்தியுடையவற்றைப் பூமியின் வழியே பெறும் அந்தாரெஸும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பின.

நீருக்கும் பனிக்கட்டிக்கும் உள்ள வேறுபாடு மற்றொன்று. தென்முனைவின் ஆழ்பனிக்கட்டி ஒளியை உறிஞ்சுவது மிகக் குறைவு. ஆயினும் அதிலுள்ள நுண்தூசி ஒளியைச் சிதறச் செய்கின்றது. கடல்நீரில் ஒளி நேராகச் செல்லும். ஆகவே திசை நுட்பமாகக் கிடைக்கும். ஆனால் கடல்நீரில் கரைந்துள்ள கதிர்த்தொழிற்பாட்டுப் பொற்றாசியமும், ஆழ்கடலின் ஒளிரும் உயிர்களும் ஓயாது ஒளி உமிழ்ந்து குழாய்களை அலைக்கழிக்கும். பனிக்கட்டியின் ஆழத்தில் அத்தகைய தொல்லை இல்லை.

இத்தகைய இரு கருவிகளின் தரவுகளை ஒன்றுசேர்த்தல், இரண்டு நிழற்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது போன்றதன்று. பதிவான ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு திசையும், அத்திசையில் நேரக்கூடிய பிழையின் அளவும், சத்தியின் மதிப்பும் உண்டு. பால்வழியிலிருந்து எத்திசையில் எவ்வளவு நியூத்திரினோ வருதல் வேண்டும் என்பதை வாயுவின் பரம்பலையும் காமாக் கதிர் அளவீடுகளையும் கொண்டு கொள்கையாளர் முன்னரே கணித்து வைத்துள்ளனர். அக்கணிப்போடு ஒவ்வொரு நிகழ்ச்சியும் எவ்வளவு பொருந்துகின்றது, வளிமண்டல இரைச்சலோடு எவ்வளவு பொருந்துகின்றது என்பதை நிகழ்தகவு முறையால் அளவிடுவர். அந்தந்தக் கருவி அந்தந்தத் திசையில் எத்துணைக் கூர்மையுடையதோ அத்துணை நிறை அதன் சான்றுக்கு வழங்கப்படும். இறுதியில், இரு கருவிகளின் நிகழ்ச்சிகள் அனைத்துக்கும் மிக நன்றாகப் பொருந்தும் பால்வழி ஒளிர்வு எவ்வளவு என்பதை ஒரே எண்ணாகக் காண்பர். ஒரே நிலையத்தின் ஒலியை இரண்டு வானொலிப் பெட்டிகள் வெவ்வேறு இரைச்சலோடு வாங்குகின்றன எனக் கொள்க. இரண்டையும் சேர்த்துக் கேட்பவன், இரண்டுக்கும் பொதுவானதையே பேச்சு எனத் தேர்ந்து கொள்வான். ஒன்றில் மட்டும் எழுந்த ஒலியை இரைச்சல் என ஐயுறுவான்.

தற்செயலால் ஏமாறாமைக்கும் காப்பு உண்டு. நிகழ்ச்சிகளின் நேரங்களை வேண்டுமென்றே கலைத்து மாற்றினால், பூமி சுழல்வதால் வானத்தில் அவற்றின் இடங்களும் மாறிவிடும். அவ்வாறு கலைத்த போலி வானங்கள் பல்லாயிரத்தைக் கணினியில் ஆக்கி, உண்மை வானத்திற் கண்டது போன்ற மிகுதி அவற்றுள் எத்தனையில் தானே தோன்றுகின்றது என எண்ணுவர். முறைகள் யாவும் முடிவாகும்வரை உண்மை வானத்தைப் பாராதிருப்பதும் அவ்வாராய்ச்சியாளர் கைக்கொள்ளும் ஒழுக்கம்.

இம்முறையில் இரு குழுவினரும் 2016 ஆம் ஆண்டில் தென்வானத்துத் தனி ஊற்றுகளைப் பற்றிய முதலாவது கூட்டாய்வை வெளியிட்டனர். பின்னர் 2018 ஆம் ஆண்டில் அந்தாரெஸின் பத்தாண்டுத் தரவையும் ஐஸ்கியூப்பின் ஏழாண்டுத் தரவையும் இணைத்துப் பால்வழிப் பட்டை முழுவதையும் ஆராய்ந்தனர். பால்வழி தெளிவாகப் புலப்படவில்லை. ஆனால் அது வீண் முயற்சியன்று. பால்வழி எவ்வளவுக்கு மேல் ஒளிரமுடியாது என்ற எல்லை அதனால் வரையறுக்கப்பட்டது. கணிப்புகளுள் மிக உயர்ந்ததாக இருந்த ஒன்று அவ்வெல்லையைத் தாண்டி நின்றது. ஆகவே அது முழு அளவிற் பொருந்துவது அரிதாயிற்று. வானமெங்கும் பரந்து வரும் உயர்சத்தி நியூத்திரினோக்களில், பால்வழியின் பரந்த ஒளிர்வு பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது என்பதும் தெரிந்தது. இல்லை என்று சொல்வதிலும் எவ்வளவுக்கு இல்லை என்று சொல்வது விஞ்ஞானத்தில் மதிப்புடைய விடையாகும்.

அதன்பின் தடயங்கள் இரு பக்கமிருந்தும் வந்தன. அந்தாரெஸ் தனது முழு வாழ்நாளிலும் திரட்டிய தரவில், பால்வழியின் மையத்தை அடுத்த பகுதியிலிருந்து சிறிய மிகுதியொன்று வருவதற்கான குறிப்பைக் கண்டது. அது தற்செயலாக நேர்வதற்கு நூறில் நான்கு அளவான வாய்ப்பு இருந்தமையால், குறிப்பு என்பதற்கு மேல் எவரும் அதனைக் கூறவில்லை. ஐஸ்கியூப் குழுவினரோ புதிய உபாயமொன்றைக் கையாண்டனர். மேலிருந்து வரும் வளிமண்டல மியூவோன்கள் பனிக்கட்டியில் நீண்ட கோடுகளாகத் தடம் பதிக்கும். ஆனால் சிலவகை நியூத்திரினோக்கள் மோதுமிடத்தில் ஒளி கோளவடிவாகப் பொங்கியெழும். அத்தகைய ஒளிப்பொங்கல்களை மட்டும் தேர்ந்தெடுத்தால், தென்வானத்தின் இரைச்சலிற் பெரும்பகுதி நீங்கிவிடும். அவற்றின் திசையைத் துல்லியமாக அறிதல் கடினமாயினும், பரந்த பட்டையொன்றைக் காண்பதற்கு அது போதும். தரவுகளிலிருந்து தாமே பயிலும் கணினி முறைகளைக் கொண்டு பத்தாண்டுத் தரவிலிருந்து ஏறக்குறைய 60,000 நிகழ்ச்சிகளைப் பிரித்தெடுத்தனர். 2023 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் முடிவு வெளியாயிற்று. பால்வழிப் பட்டையிலிருந்து நியூத்திரினோக்கள் வருகின்றன. இது தற்செயலாக இருப்பதற்குள்ள வாய்ப்பு ஏறக்குறைய மூன்று இலட்சத்தில் ஒன்று. ஐந்தாண்டுக்கு முன்னர் கூட்டாய்வு வரைந்த எல்லைக்குள்ளேயே அப்பால்வழி ஒளிர்வு அடங்கியும் இருந்தது.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. கண்ணொளியிலும் வானொலி அலையிலும் காமாக் கதிரிலும் வானத்தை நோக்குவோர்க்கு முதலிற் புலப்படுவது அண்மையிலுள்ள பால்வழியே. நியூத்திரினோவில் நிலைமை தலைகீழாயிற்று. ஐஸ்கியூப் 2013 ஆம் ஆண்டில் முதன்முதல் அறிவித்த 28 உயர்சத்தி நிகழ்ச்சிகள் வானமெங்கும் பரவிக் கிடந்தன. 2018 ஆம் ஆண்டில், பல நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள அண்டமொன்று ஊற்றாகச் சுட்டப்பட்டது. 2022 ஆம் ஆண்டில், 4 கோடி 70 இலட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள மற்றோர் அண்டத்தின் திசையிலிருந்து 79 நியூத்திரினோக்கள் மிகுதியாக வந்தமை காணப்பட்டது. தொலைவிலுள்ள அயலார் முன்னர்த் தெரிந்து, சொந்த வீடு பின்னர்த் தெரிந்தது. ஐஸ்கியூப்பின் கணிப்பில், 30 இலட்சம் கோடி இலத்திரன்-உவோற்றுச் சத்தியளவில் வரும் விண்ணக நியூத்திரினோக்களில் நூற்றுக்கு 6 முதல் 13 வரையே பால்வழிக்கு உரியவை. பெரும் கருந்துளைகளின் அயலில் ஆற்றல்மிக்க ஆர்முடுக்கிகளைக் கொண்ட அண்டங்கள் வேறெங்கோ உள்ளன என்பதும், பால்வழி இக்காலத்தில் அவற்றோடு ஒப்பிட அமைதியாக உள்ளது என்பதும் இதனாற் பெறப்படும்.

தலையாய வினா இன்னும் எஞ்சியுள்ளது. பால்வழியிலிருந்து வரும் இந்நியூத்திரினோக்கள், ஊற்றைவிட்டு நெடுந்தூரம் அலைந்த புரோத்தன்கள் ஆங்காங்கேயுள்ள வாயுவோடு மோதியமையாற் பிறந்தவையா? அன்றித் தனித்தனி ஊற்றுகள் பல அடுத்தடுத்து இருந்து ஒரே பட்டைபோலத் தோன்றுகின்றனவா? பால்வழியின் ஒரு பொருளையேனும் தனியே சுட்டி, அண்டக்கதிரின் பிறப்பிடம் இதுவே எனச் சொல்லும் அளவுக்கு நியூத்திரினோச் சான்று கிடைக்கவில்லை. அது கிடைக்கும் நாளில், 1912 ஆம் ஆண்டில் ஹெஸ் தொடங்கிவைத்த வினாவின் ஒரு பகுதியேனும் தீரும்.

அதற்கான கருவிகள் வடவரைக்கோளத்தில் வளர்ந்து வருகின்றன. பைக்கால் ஏரியிற் புதிய பெருந்தொலைகாட்டி பகுதி பகுதியாக விரிக்கப்படுகின்றது. சிசிலித் தீவுக்கு அப்பால் ஏறக்குறைய 3,500 மீற்றர் ஆழத்தில், அந்தாரெஸின் வழிவந்த கேஎம்3நெற் தொலைகாட்டி கட்டப்படுகின்றது. முற்றுப்பெறாத நிலையிலேயே, 2023 ஆம் ஆண்டு பெப்புருவரி 13 ஆம் நாள், ஏறக்குறைய 2,20,000 இலட்சம் கோடி இலத்திரன்-உவோற்றுச் சத்தியுடையதெனக் கணிக்கப்பட்ட நியூத்திரினோ ஒன்றை அது பதிவு செய்தது. 2025 ஆம் ஆண்டில் அச்செய்தி வெளியானபோது, அதுவரை காணப்பட்ட நியூத்திரினோக்கள் அனைத்திலும் சத்தி மிக்கது அதுவே. பால்வழியின் மையப்பகுதியை நன்கு நோக்கும் இக்கருவிகள், பத்தாண்டுக்கு மேலாகத் தரவு திரட்டிய ஐஸ்கியூப்போடு சேரும்போது, முன்னைய கூட்டாய்வுக்குக் கிட்டாத கூர்மை கிட்டும்.

எந்த ஒரு நாடும் வானம் முழுவதையும் நன்றாகக் காணும் இடத்தில் இல்லை. தென்முனைவில் இருப்போர்க்குப் பால்வழியின் மையம் இரைச்சலுள் மறைகின்றது. மத்தியதரைக் கடலில் இருப்போர்க்கு அது தெளிவாகின்றது. வடவானத்தில் இந்நிலை மாறிவிடுகின்றது. ஒருவருடைய தரவு மற்றவருக்குத் திறந்திருந்தால் மட்டுமே வானம் முழுமையாகும். சிதறிய சில நியூத்திரினோக்களை ஆண்டுக்கணக்கிற் பொறுமையோடு எண்ணி, தேசங்களின் எல்லையைக் கடந்து ஒரே கணக்கிற் சேர்க்கும் இவ்வுழைப்பே பால்வழியின் ஆர்முடுக்கி எதுவென்ற வினாவை விடைக்கு அருகே கொண்டுசெல்கின்றது.